ஒரே போன், நாலு பேர் கை: மலையகத்து வீட்டுக்கு பிட்வார்டன் பொருந்துமா?

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என எந்த டவுனிலும் கொமியூனிகேஷன் கடைகளில் இது நடக்கிறது. பிள்ளைக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம் போட வேண்டும், அதற்கு இமெயில் கேட்கிறார்கள். கடைத் தம்பி அங்கேயே ஒரு ஜிமெயில் திறந்து கொடுக்கிறார். பாஸ்வேர்ட், பிள்ளையின் பெயரோடு 123. பாஸ்வேர்ட் மறந்தால் கணக்கை மீட்க உதவும் மீட்பு எண் கேட்கும் இடத்தில், வரிசையில் ஆள் நிற்கிறார்களே என்று தன்னுடைய நம்பரையே அடித்துவிடுகிறார். துண்டுக் கடதாசியில் எழுதித் தந்ததும் பஸ்ஸில் எங்கேயோ விழுந்துவிடுகிறது. அடுத்த முறை அந்த இமெயிலைத் திறக்க வேண்டுமானால் அதே கடைக்குத்தான் போக வேண்டும். கடைத் தம்பி கெட்டவர் என்பதல்ல விஷயம். அவர் வேலையை விட்டுப் போனால், நம்பரை மாற்றினால், பிள்ளையின் கணக்கு அவரோடு போய்விடும்.

பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் தோட்டப் பக்கம் கேட்கும் பதில்கள் சில. "நம்மகிட்ட திருட என்ன இருக்கு" என்பது முதலாவது. அடையாள அட்டையின் படம் இருக்கிறது, வங்கிச் செயலி இருக்கிறது, கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும் பணம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல் வட்ஸ்அப்பில் உறவினர் அத்தனை பேரும் இருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டவன் நம் பெயரில் அவர்களிடம் காசு கேட்பான். இரண்டாவது, எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்துக்கொள்வது. மூன்றாவது, பயந்துபோய் வங்கிச் செயலியையே அழித்துவிட்டு, ஒரு நாள் சம்பளத்தை விட்டு டவுனுக்குப் போய் வரிசையில் நிற்பது. நாலாவது, கொப்பியில் எழுதி வைப்பது. இந்த நாலாவதைக் கேலி செய்பவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன். காரணம் பின்னால் வரும்.

பிட்வார்டன் என்பது பாஸ்வேர்ட்களைப் பூட்டி வைக்கும் செயலி. 2016இல் வந்தது. அதன் மூல நிரல் யாரும் பார்க்கக்கூடியபடி திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. இலவசக் கணக்கிலேயே எத்தனை பாஸ்வேர்டும் வைக்கலாம், எத்தனை போனிலும் கணினியிலும் திறக்கலாம். கட்டணக் கணக்குக்கு டொலரில், அட்டையில் செலுத்த வேண்டும். அது இல்லாமலே நம் வேலை முடியும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இலவசமாகக் கிடைப்பவற்றில் மலையகத்து வீட்டுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். ஆனால் செயலியோடு ஒரு கடதாசியும் சேர்ந்தால்தான் அது பாதுகாப்பு. கடதாசி இல்லாமல் பிட்வார்டன் மட்டும் போட்டுக் கொடுப்பதைவிட, போடாமல் விடுவது நல்லது.

காரணம் மாஸ்டர் பாஸ்வேர்ட். நம் பாஸ்வேர்ட்கள் எல்லாம் இருக்கும் பெட்டகத்தைத் திறக்கும் இந்தச் சொல்லை நிறுவனமும் வைத்திருப்பதில்லை. பெட்டகம் நம் போனிலேயே மறையாக்கம் செய்யப்பட்டு, அதாவது சாவி இல்லாதவர் வாசிக்க முடியாதபடி மாற்றப்பட்டு, பூட்டிய நிலையில்தான் அவர்களின் சேர்வருக்குப் போகிறது. மறந்தால் திருப்பித் தர அவர்களாலும் முடியாது. அதுதான் அதன் பலம், நம் வீடுகளில் அதுவே பெரிய ஆபத்து. குறைந்தது 12 எழுத்து கேட்கும். பிள்ளையின் பெயர், சாமி பெயர், தோட்டத்தின் பெயர், பிறந்த திகதி எதுவும் கூடாது. 60 வருடத்துக்குள் உள்ள பிறந்த திகதிகள் மொத்தமே சுமார் 22,000தான். 7,776 சொற்கள் உள்ள பட்டியலிலிருந்து தாயக்கட்டை உருட்டி நாலு சொல் எடுத்தால், இருக்கக்கூடிய சேர்க்கைகள் சுமார் 3,656 இலட்சம் கோடி. இது வெறும் கணக்கு அல்ல. 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற இதே வகைச் சேவையிலிருந்து வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டகங்களின் பிரதிகள் திருடப்பட்டன. பூட்டு உடையவில்லை. ஆனால் பிரதி கையில் இருப்பவன் ஆற அமர உட்கார்ந்து சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். அப்போது நம்மைக் காப்பது மாஸ்டர் பாஸ்வேர்ட் ஒன்றுதான். பிட்வார்டன் ஒவ்வொரு முயற்சிக்கும் 600,000 சுற்றுக் கணக்குப் போட வைத்து அந்த வேலையை மெதுவாக்குகிறது. என்றாலும் பிள்ளையின் பெயரோடு 123 என்றால் அதுவும் காப்பாற்றாது.

சொற்களை எடுப்பதற்கு எளிய வழி, பிட்வார்டனிலேயே உள்ள சொற்றொடர் உருவாக்கி. ஆங்கிலச் சொற்கள் நினைவில் நிற்காதவர்கள் பள்ளிக்கூட அகராதியைக் கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட இடத்தில் ஐந்து தமிழ்ச் சொல் எடுத்து ஆங்கில எழுத்தில் எழுதலாம். பிடித்த சொல் வரும்வரை திரும்பத் திரும்பத் திறக்கக் கூடாது. தமிழ் எழுத்திலேயே அடிக்கலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். ஒன்று, கடைக் கணினியிலோ புதுப் போனிலோ அந்தத் தமிழ் விசைப்பலகை இருக்காது. இரண்டு, "கொ" என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரு விசைப்பலகை ஒரே குறியாகவும் இன்னொன்று இரண்டு குறியாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், பூட்டுக்கு வேறாக இருக்கும். ஆங்கில எழுத்தில் எழுதும்போது ழகரமும் லகரமும்தான் ஆளைக் கவிழ்க்கும். "கொழுந்து" என்பதை ஒருவர் ஒரு விதமாக எழுதுவார், மகள் வேறு விதமாக எழுதுவாள். ழ, ள, ற வராத சொற்களாகப் பார்த்து எடுங்கள். வந்துவிட்டால் கடதாசியில் எழுதிய எழுத்துக்கூட்டலையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கணக்குத் திறக்கும்போது பலர் கவனிக்காத ஓர் இடம், சேர்வர் எந்தப் பிரதேசம் என்ற தெரிவு. டொட் கொம் என்பது அமெரிக்கா, டொட் ஈயூ என்பது ஐரோப்பா. எதில் திறந்தாலும் நமக்கு வித்தியாசம் இல்லை. ஆனால் ஒன்றில் திறந்த கணக்கு மற்றதில் கிடையாது. புதுப் போனில் மாறித் தெரிவுசெய்தால் "இமெயில் அல்லது பாஸ்வேர்ட் தவறு" என்றுதான் வரும், பிரதேசம் தவறு என்று சொல்லாது. சரியான பாஸ்வேர்டை வைத்துக்கொண்டே கணக்குப் போய்விட்டது என்று அழ வேண்டி வரும். கடதாசியில் இமெயிலுக்குப் பக்கத்தில் பிரதேசத்தையும் எழுதுங்கள்.

அதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு குறியீடும் கேட்கும் ஏற்பாடு, போடாத கணக்கைப் புதுப் போனில் திறந்தால், 2025 முதல் பிட்வார்டன் ஒரு குறியீட்டை இமெயிலுக்கு அனுப்பிக் கேட்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஜிமெயிலின் பாஸ்வேர்ட் எங்கே? பிட்வார்டனுக்குள். பழைய போன் ஆற்றில் விழுந்தால், பெட்டகத்தைத் திறக்க ஜிமெயில் வேண்டும், ஜிமெயிலைத் திறக்கப் பெட்டகம் வேண்டும். ஆகவே ஜிமெயில் பாஸ்வேர்டும் கடதாசியில் இருக்க வேண்டும். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போட்டு, 8 இலக்கம் கொண்ட 10 மாற்றுக் குறியீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் வேலை செய்யும், பாவித்ததைக் கோடு போட்டு அடியுங்கள்.

மீட்பு எண் விஷயத்தில் நம் பக்கம் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சிம் யாருடைய அடையாள அட்டையில் எடுக்கப்பட்டது? மாமாவின் பெயரில், அயல்வீட்டு அக்காவின் பெயரில், சில நேரம் ரீலோட் கடைக்காரரின் பெயரில். அப்படியானால் போன் தொலைந்ததும் அதே நம்பரில் மாற்று சிம் எடுக்க நம்மால் முடியாது. சலுகை வந்ததென்று சிம்மை மாற்றிப் பழையதை டிராயரில் போட்டுவிட்டால், அது காலாவதியாகி அந்த நம்பர் வேறொருவர் கைக்குப் போகலாம். ஜிமெயிலில் மீட்பு எண்ணாக இருப்பது யார் நம்பர் என்று இன்றே பாருங்கள். சொந்தப் பெயரில் உள்ள சிம் இல்லையென்றால் எண்ணை எடுத்துவிட்டு, நம்பிக்கையான உறவினரின் இமெயிலை மீட்பு முகவரியாகப் போடுங்கள்.

பிட்வார்டனில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை இணையப் பக்கத்துப் பெட்டகத்தில்தான் போட வேண்டும். இலவசத்திலேயே குறியீடு தரும் செயலியையோ இமெயிலையோ தெரிவுசெய்யலாம். போட்டவுடன் அதே பக்கத்தில் மீட்புக் குறியீட்டைப் பார்க்கும் பொத்தானை அழுத்தினால் 32 எழுத்து கொண்ட குறியீட்டைக் காட்டும். அதை எழுதாமல் அந்தப் பக்கத்தை மூடாதீர்கள். குறியீடு தரும் செயலியும் அதே போனில் இருப்பதால், போன் தொலைந்தால் இந்த 32 எழுத்துதான் வழி. குறியீடு தரும் செயலிகளில் ஒன்றான கூகுள் ஒதென்டிகேட்டர், 2023 முதல் தன் பதிவுகளைக் கூகுள் கணக்கோடு சேர்த்துச் சேமிக்கிறது. கணக்கில் இணைக்காமல் பாவித்தால் போனோடு போய்விடும்.

இனி வீட்டில் ஒரே போன் இருக்கும் நிலைமை. மகள் படிக்கிறாள், தம்பி விளையாடுகிறான், அம்மா வட்ஸ்அப்பில் பேசுகிறார், அப்பா பாட்டுக் கேட்கிறார். விரல்ரேகைப் பூட்டு என்றால் நாலு பேரின் ரேகையும் போனில் பதிந்திருக்கும், பிட்வார்டனில் ரேகைத் திறப்பைப் போட்டால் நாலு பேருக்கும் பெட்டகம் திறக்கும். ஆகவே பொதுப் போனில் ரேகை வேண்டாம், பின் எண் போடுங்கள். கொழுந்து எடுக்கும் கைகளுக்கு அது இன்னும் பொருத்தம். சாறு ஏறி, வெடித்து, மழையில் ஊறிய விரலைப் பல போன்கள் படிக்கவே மறுக்கும். பின் எண் ஐந்து தடவை தவறினால் கணக்கிலிருந்து வெளியேற்றிவிடும், பிறகு மாஸ்டர் பாஸ்வேர்ட் வேண்டும். தம்பி கையில் சிக்கினால் இது நிச்சயம் நடக்கும், பதற வேண்டாம்.

பூட்டுவதும் வெளியேறுவதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே புரிந்துகொள்ள வேண்டும். நேரக் கெடு முடிந்ததும் என்ன செய்வது என்ற அமைப்பில் "பூட்டு" என்றிருந்தால் பெட்டகத்தின் பூட்டிய பிரதி போனிலேயே இருக்கும். சிக்னல் கிடைக்காத பள்ளத்து லயத்திலும், மழையில் டவர் விழுந்த நாளிலும் திறந்து பார்க்கலாம். புதிதாகச் சேர்க்கவோ மாற்றவோ மட்டும் முடியாது. "வெளியேறு" என்றிருந்தால் இணையம் இல்லாமல் உள்ளேயே போக முடியாது. நம் பக்கத்துக்குப் பூட்டுதான் சரி, 5 நிமிடம் போதும். டேட்டா பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பெட்டகம் வெறும் எழுத்துதான், ஒரு குரல் செய்தி அளவுக்குக்கூட இழுக்காது.

போனை ஸ்கிரீன் மாற்றக் கொடுக்கும்போது மட்டும் கட்டாயம் வெளியேறிவிட்டுக் கொடுங்கள். கடையில் பேட்டர்ன் கேட்பார்கள், நாமும் சொல்லிவிடுவோம். புதிய சாம்சங் போன்களில் பராமரிப்பு நிலை என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் படங்களும் செய்திகளும் செயலிகளின் தரவும் திருத்துபவருக்குத் தெரியாது.

தானாக நிரப்பும் வசதியை போனின் அமைப்புகளில், பாஸ்வேர்ட்களும் கணக்குகளும் என்ற பகுதியில் கூகுளுக்குப் பதிலாக பிட்வார்டன் என்று மாற்ற வேண்டும். பெயர் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும். சில மலிவு போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடும், அப்போது நிரப்புதல் வராது. பேட்டரி அமைப்பில் பிட்வார்டனுக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று வைத்தால் சரியாகும்.

இந்த நிரப்புதலில்தான் பலர் அறியாத பெரிய பாதுகாப்பு இருக்கிறது. பிட்வார்டன் ஒவ்வொரு பாஸ்வேர்டையும் அதற்குரிய தள முகவரியோடு சேர்த்து வைக்கிறது. தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் "இலவச டேட்டா", "வங்கியின் பரிசு" என்று வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இணைப்பைத் தட்டினால், பக்கம் அசல்போலவே இருக்கும். நம் கண் ஏமாறும். முகவரியில் ஓர் எழுத்து வேறாக இருந்தாலும் செயலி பாஸ்வேர்டை நீட்டாது. வழக்கமாக வரும் இடத்தில் அது வரவில்லை என்றால், கையால் அடித்து உள்ளே போக முயலாதீர்கள். அங்கேயே நிறுத்தி முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கொப்பியால் இந்த வேலையைச் செய்ய முடியாது.

கொமியூனிகேஷன் கணினியில் பிட்வார்டனைத் திறக்கவே கூடாது. அந்தக் கணினியில் அடிப்பதையெல்லாம் பதிவுசெய்யும் மென்பொருள் இருக்கிறதா என்று வாடிக்கையாளருக்குத் தெரிய வழியில்லை. கடைக்காரருக்கே தெரியாமலும் இருக்கலாம். மாஸ்டர் பாஸ்வேர்ட் அங்கே போனால் எல்லாம் போகும். போனில் பெட்டகத்தைத் திறந்து, வேண்டிய ஒரு பாஸ்வேர்டை மட்டும் பார்த்துக் கையால் அடியுங்கள். அதற்காகவே, கடையில் திறக்க நேரும் கணக்குகளுக்கு குறியீடு கலந்த 20 எழுத்துப் பாஸ்வேர்ட் உருவாக்காமல், சொற்றொடர் வகையைத் தெரிவுசெய்து சிறுகோடு போட்ட நாலு சொல்லாக வையுங்கள். அடிக்கலாம், பிழை வராது. "பாஸ்வேர்டைச் சேமிக்கவா" என்று உலாவி கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, வேலை முடிந்ததும் வெளியேறி, வீட்டுக்கு வந்து அந்தப் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

போனில் நகலெடுத்து ஒட்டுபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நகலெடுத்த பாஸ்வேர்டை 30 விநாடியில் அழிக்கும்படி பிட்வார்டனின் அமைப்பில் வையுங்கள், அது தானாகப் போட்டிருக்காது. தமிழில் தட்டச்சு செய்யவென்று பெயர் தெரியாத விசைப்பலகைச் செயலிகளை இறக்கியிருந்தால் அழித்துவிடுங்கள். நாம் அடிப்பதெல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது. பிட்வார்டனையும் ப்ளே ஸ்டோரிலிருந்து மட்டுமே நிறுவுங்கள். நண்பர் அனுப்பிய கோப்பிலிருந்து வேண்டவே வேண்டாம்.

இது காப்பாற்றாத இடமும் இருக்கிறது. போனில் ஒருவர் பேசி, "உங்களுக்கு 6 இலக்கம் வந்திருக்கும், சொல்லுங்க" என்று கேட்டு வட்ஸ்அப்பைப் பறிப்பதைப் பிட்வார்டன் தடுக்காது. அங்கே பாஸ்வேர்டே இல்லை. வட்ஸ்அப் அமைப்புகளில் கணக்கு என்ற பகுதிக்குப் போய் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு 6 இலக்கப் பின் வையுங்கள், மீட்பு இமெயிலையும் சேருங்கள். இமெயில் சேர்க்காமல் பின்னை மறந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டி வரும். அந்தப் பின்னைப் பெட்டகத்தில் ஒரு குறிப்பாக எழுதலாம். கணக்கைப் பறிகொடுத்தவர்கள் இலங்கை கணினி அவசரப் பதிலளிப்புப் பிரிவை 101 இலக்கத்தில் அழைக்கலாம்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால், கூகுளின் சொந்தப் பாஸ்வேர்ட் வசதி எதையும் நிறுவாமலே கிடைக்கிறது, போன் ஒருவருக்கே சொந்தமானால் நல்லதுதான். ஆனால் போனின் திரைப் பூட்டைத் தெரிந்தவர் யாரும் பாஸ்வேர்ட்களைப் பார்க்கலாம் என்பதால் பொதுப் போனுக்கு ஆகாது. கீபாஸ் டிஎக்ஸ் என்ற செயலி பாஸ்வேர்ட்களை இணையமே இல்லாமல் ஒரே கோப்பாக வைத்துக்கொள்ளும். அந்தக் கோப்பை நாமே பிரதியெடுத்துக் காக்க வேண்டும், அந்தப் பொறுமை எல்லோருக்கும் வராது.

கொப்பிக்கு வருவோம். இணையத் திருடன் டிரங்குப் பெட்டிக்குள் கை விட முடியாது, அந்த வகையில் கொப்பி உண்மையிலேயே பலமானது. அதன் எதிரிகள் ஈரமும், எலியும், லயத்தில் பிடிக்கும் தீயும். அதனால் கடதாசியை இரண்டாக்குங்கள். ஒன்றில் இமெயில், பிரதேசம், மாஸ்டர் பாஸ்வேர்ட், ஜிமெயில் பாஸ்வேர்ட். அது வீட்டில், பிறப்புச் சான்றிதழோடு இருக்கட்டும். அதன் இன்னொரு பிரதியும் 32 எழுத்து மீட்புக் குறியீடும் கூகுளின் மாற்றுக் குறியீடுகளும் ஒட்டிய கவரில், வேறு வரிசையில் உள்ள பெரியம்மா வீட்டிலோ டவுனில் உள்ள சித்தப்பா வீட்டிலோ இருக்கட்டும். ஜெல் பேனா மலைக்காற்றின் ஈரத்தில் ஊறிப் பரவும், சாதாரண போல் பொயின்ட் பேனாவில் எழுதுங்கள். படம் எடுத்து வைக்காதீர்கள், லெமினேட் செய்யக் கடைக்கும் கொடுக்காதீர்கள்.

பெட்டகத்தையே பிரதியெடுக்கும் வசதியும் உண்டு. ஏற்றுமதியில் மறையாக்கம் செய்த கோப்பு இரண்டு வகை. கணக்கோடு கட்டியது என்ற வகையை எடுத்தால், கணக்கே போனபின் அந்தக் கோப்பு உதவாது. தனிப் பாஸ்வேர்ட் போட்ட வகையை எடுங்கள். பூட்டில்லாத பட்டியல் கோப்பை எடுத்து டவுன்லோட் பகுதியில் மறந்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

இலவசக் கணக்கில் இரண்டு பேர் ஒரு பொதுப் பெட்டகத்தைப் பகிரலாம். கொழும்பில் வேலை செய்யும் மகளும் தோட்டத்தில் இருக்கும் அம்மாவும் மின் கட்டணக் கணக்கையும் தம்பியின் பள்ளிக்கூட இமெயிலையும் இப்படி வைத்தால், போனில் கத்திக் கத்தி எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை. இரண்டு பேருக்கும் தனித்தனி மாஸ்டர் பாஸ்வேர்ட். பகிர்வை நிறுத்தினாலும் ஒருமுறை பார்த்த பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்க முடியாது, அதை மாற்றத்தான் வேண்டும்.

போன் தொலைந்த அன்று அந்த மகளே கொழும்பிலிருந்து செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. அம்மா பெரியம்மா வீட்டுக் கவரைத் திறந்து வாசிக்க, மகள் தன் சொந்தக் கணினியில் அம்மாவின் கணக்கைத் திறந்து, மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றி, எல்லா இணைப்புகளையும் துண்டிக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். தொலைந்த போனில் அது நடைமுறைக்கு வர ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அந்த நேரத்தில் வங்கிக்கு அழைத்துச் செயலியை நிறுத்தச் சொல்லுங்கள், சிம்மை முடக்குங்கள், பிறகு ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். புதுச் சொல்லை அன்றே இரண்டு கடதாசியிலும் திருத்தி எழுதுங்கள்.